ஃபீடர் காற்றைக் கூட்டாதீர்கள், முதலில் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அச்சகங்களில் காகிதம் வீணாவதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மை, பிளேட், காகிதத்தின் தரம், பழகிய ஆள் கிடைக்காதது என்று பல காரணங்களை எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரிதான், ஆனால் வெட்டிய தாளில் அச்சிடும் ஷீட் ஆஃப்செட் மெஷினில் நின்று வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லக்கூடிய ஒன்று அதில் இல்லவே இல்லை. மெஷினுக்குத் தாளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் ஃபீடரின் காற்றைத்தான் சொல்கிறேன். மை தாளைத் தொடுவதற்கு முன்னாலேயே, பைலிலிருந்து, அதாவது தாள் அடுக்கிலிருந்து, தாளை எடுக்கிற இடத்திலேயே வேஸ்டேஜ் தொடங்கிவிடுகிறது. அதிலும் காற்று போதாமல் வருகிற கோளாறைவிட, அளவுக்கு மீறித் திறந்து வைத்ததால் வருகிற கோளாறுதான் அதிகம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

உங்கள் நாளிதழ் அச்சாவது ரீல் மெஷினில். அங்கே காகிதம் ஒரே நீளமாக ஓடுகிறது, தனித்தனித் தாளாகப் பிரித்து எடுக்கிற வேலையே கிடையாது. புத்தக அட்டை, மருந்துப் பெட்டி, சுவரொட்டி, லேபிள் போன்றவை பெரும்பாலும் வெட்டிய தாளில் அச்சாகிறவை. மணிக்கு 10,000 தாள் ஓடும் மெஷின் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று தாளை எடுக்க வேண்டும், 15,000 ஓடினால் நான்குக்கும் மேல். ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும், நேராக வர வேண்டும், மேலே உள்ள தாள் போகும்போது அடியில் உள்ளது அசையக் கூடாது. இவ்வளவையும் செய்வது விரலோ கொக்கியோ அல்ல, ஊதுகிற காற்றும் உறிஞ்சுகிற காற்றும்தான்.

நடப்பது இதுதான். பைலின் பின்பக்கம் இருக்கும் பிளோயர்கள் மேலே உள்ள சில தாள்களின் விளிம்புக்குள் காற்றை ஊதி அவற்றைத் தளர்த்துகின்றன. பின் விளிம்பில் இறங்கும் தூக்கு சக்கர்கள், அதாவது காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வாய்கள், முதல் தாளைப் பிடித்துத் தூக்குகின்றன. தூக்கிய இடைவெளியில் பிரஷர் ஃபுட் என்கிற அழுத்துக் கால் நுழைந்து இரண்டாவது தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் தாளுக்கு அடியில் காற்றை ஊதுகிறது, அந்தக் காற்று தாளின் நீளம் முழுவதும் ஓடி அதை மிதக்க வைக்கிறது. மிதக்கும் தாளை முன்தள்ளும் சக்கர்கள் பிடித்தவுடன் தூக்கு சக்கர்கள் விட்டுவிடுகின்றன, தாள் முன்னால் போய் ரோலருக்குக் கீழே சிக்குகிறது. பெரும்பாலான மெஷின்களில் பிரஷர் ஃபுட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, பைல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தொட்டுப் பார்த்து மேலே ஏற்றச் சொல்வது. ஆக ஊதல் இரண்டு இடத்தில், உறிஞ்சல் இரண்டு இடத்தில், நான்குக்கும் தனித்தனி அளவு, தனித்தனி நேரம். இதில் ஒன்றைக் கூட்டினால் மற்ற மூன்றும் பாதிக்கப்படும். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? தாள் வரவில்லையா, உறிஞ்சலைக் கூட்டும் வேக்குவம் குமிழைத் திருகு. இன்னும் வரவில்லையா, இன்னும் திருகு. அப்புறம் டபுள் வந்தால், அதாவது இரண்டு தாள் சேர்ந்து வந்தால், காகிதத்தின் மேல் பழி.

இந்தக் குமிழைத் திருகுகிற பழக்கம் ஏன் தவறு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 50க்கு 70 சென்டிமீட்டர் தாள், 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம்) என்றால் அதன் எடை 21 கிராம். அதே அளவில் 300 ஜிஎஸ்எம் அட்டை என்றால் 105 கிராம். இப்போது 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு சக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் தாளோடு சரியாகப் படிந்து, உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் பாதியளவு வேக்குவம் இருந்தால், அது ஒன்றரை கிலோவுக்கு மேல் இழுக்கும். ஃபீடரில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சக்கர்கள் இருக்கின்றன. 21 கிராம் தாளைத் தூக்க அவற்றுக்கு வலு போதவில்லை என்று எப்படிச் சொல்வது? தாள் எழவில்லை என்றால் பிரச்சினை வலுவில் இல்லை. சக்கரின் வாய் தாளில் படியவில்லை, அல்லது எங்கோ காற்று கசிகிறது, அல்லது அடியில் உள்ள தாள் இதை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் குமிழைத் திருகினால், காரணம் அப்படியே இருக்க, அதன் மேல் புதிதாக ஒரு கோளாறு சேர்ந்துகொள்ளும்.

அந்தப் புதிய கோளாறு டபுள் ஷீட்டாகத்தான் பெரும்பாலும் வரும். மேப்லித்தோ மாதிரிப் பூச்சில்லாத காகிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. உறிஞ்சல் அதிகமானால் முதல் தாளின் துளைகள் வழியாகவே அடுத்த தாளும் இழுபடும். மெல்லிய தாளாக இருந்தால் சக்கரின் வாய்க்குள் குவிந்து சுருங்கி, விளிம்பில் மடிப்பு விழும், சில சமயம் வட்டமாகத் தடமே பதியும். மெல்லிய தாளுக்கு உறிஞ்சலைக் குறைப்பது மட்டும் போதாது, சக்கரின் ரப்பரையும் மாற்ற வேண்டும். இழுவிசை பரப்பைப் பொறுத்தது, விட்டம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். பெட்டி அட்டை ஓட்டிய அதே பெரிய ரப்பரை வைத்துக்கொண்டு 60 ஜிஎஸ்எம் ஓட்ட உட்காருவதும், பிறகு நாள் முழுக்க டபுள் வருகிறது என்று அலுத்துக்கொள்வதும் எத்தனை இடங்களில் நடக்கிறது!

ஊதலை மிஞ்சவிட்டால் வேறு விதமான தொல்லை. தாள்கள் அளவோடு தளர்வதை விட்டு பைலின் மேல் ஆட ஆரம்பிக்கும். சக்கர் இறங்கும்போது ஒரு மூலை மேலேயும் இன்னொரு மூலை கீழேயும் இருக்கும், பிடித்த தாள் கோணலாகவே புறப்படும். முன் தடுப்புத் தகட்டைத் தாண்டித் தாள்கள் கொத்தாக நழுவிப் போவதும் இதனால்தான். தாளின் முன் விளிம்பை நிறுத்தி நேராக்கும் ஃப்ரண்ட் லேக்கு ஒரு தாள் முந்தியும் அடுத்தது பிந்தியும் வந்து சேர்ந்தால் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, எப்படி நிற்கும்? நிறத்துக்கு நிறம் விலகும்போது ஆபரேட்டர் பிளேட்டை நகர்த்துகிறார், தாளைக் கவ்வும் கிரிப்பரைப் பார்க்கிறார், தாளைப் பக்கவாட்டில் நிறுத்தும் சைடு லேயைத் திருத்துகிறார், மெஷினின் மறுகோடியில் காற்று மிகையாக ஊதிக்கொண்டிருப்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

சரி, எப்படித்தான் வைப்பது? காற்றைத் தொடுவதற்கு முன் பைலைப் பார்க்க வேண்டும், நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன். கட்டிங் மெஷினில் கத்தி மழுங்கியிருந்தால் வெட்டு விளிம்பில் தாள்கள் ஒன்றோடொன்று அழுந்திப் பிடித்துக்கொள்ளும், பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் இது இன்னும் மோசம். அப்படிப்பட்ட கட்டை எவ்வளவு ஊதினாலும் பிரிக்க முடியாது. கையால் வளைத்து, விசிறிக் காற்று விட்டு, நான்கு பக்கமும் தட்டி அடுக்கினால் மட்டுமே பிரியும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் சரிந்த பைலுக்கும் ஓரம் சுருண்ட பைலுக்கும் ஆப்பு செருகிச் சமன் செய்யாமல் சக்கரைக் குறை சொல்வதில் பொருளே இல்லை. பைலின் உயரம் இன்னொன்று. மேல் தாள் முன் தடுப்புத் தகட்டின் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும், மெல்லிய தாள் எளிதில் எழும்புவதால் கொஞ்சம் தாழ்வாக, கனமான அட்டை கொஞ்சம் உயரமாக. சரியான எண் உங்கள் மெஷினின் கையேட்டில் இருக்கும், அது மெஷினுக்கு மெஷின் மாறும்.

பைல் சரியான பிறகு, முந்தைய வேலைக்கு வைத்திருந்த அளவுகளை அப்படியே விட்டுவிடாமல் எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு வரவேண்டும். பிறகு ஊதல் முதலில், உறிஞ்சல் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் தாள்கள் பிரிந்து நிற்காதபோது எவ்வளவு உறிஞ்சல் வேண்டும் என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பின்பக்க பிளோயரை மெல்லத் திறந்துகொண்டே வந்தால் மேலே உள்ள ஐந்தாறு தாள்கள் விளிம்பில் லேசாகப் பிரிந்து அலைவது தெரியும். அங்கே நிறுத்துங்கள். பைலின் மூலைகள் துள்ளினால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஊதும் துளை அந்த மேல் தாள்களின் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும், மிகக் கீழே இருந்தால் அடித்தாள்கள் கட்டாக எழும்பும், மிக மேலே இருந்தால் காற்று வெறுமனே பறந்து போகும். அடுத்து தூக்கு சக்கர்கள். தாள் எழுகிற மிகக் குறைந்த உறிஞ்சல் எது என்று கண்டுபிடித்து, வேகம் கூடும்போது தாங்குவதற்காக அதற்கு மேல் ஒரு சிறு அளவு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிரஷர் ஃபுட்டின் ஊதல். தாள் முன்னே போகும்போது நடுவில் தொங்கிக் கீழ்த்தாளை உரசினால் அது போதவில்லை, தாளின் முன் விளிம்பு படபடத்தால் மிகுதி. கடைசியாக முன்தள்ளும் சக்கர்கள். இரண்டாவது தாளைப் பின்னால் பிடித்து நிறுத்தும் பிரிப்புப் பிரஷ்ஷும் ஸ்பிரிங் தகடும் எவ்வளவு தூரம் உள்ளே நீட்டியிருக்கின்றன என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். டபுளைத் தடுப்பதில் காற்றுக்கு இணையான பங்கு அவற்றுக்கு உண்டு, ஆனால் அவை தேய்ந்து வளைந்து கிடந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, மெதுவாக ஓட்டி வைத்த அளவு வேகத்தில் நிற்காது. வேகம் கூடும்போது காற்று வேலை செய்ய வால்வு திறந்திருக்கும் நேரம் சுருங்குகிறது. மணிக்கு 5,000 ஓடியபோது அழகாகப் போன தாள் 10,000 வந்ததும் தடுமாறுவது இதனால்தான். புது மெஷின்கள் வேகத்துக்குத் தக்கபடி காற்றைத் தாங்களே மாற்றிக்கொள்கின்றன, பழைய மெஷினில் நாம்தான் பார்க்க வேண்டும், அதாவது ஓட்டப்போகும் வேகத்திலேயே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மேலாளர் பின்னால் நின்று வேகத்தை ஏற்று ஏற்று என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதைச் செய்ய நேரம் எங்கே கிடைக்கும்? பத்து நிமிடம் நிறுத்தி வைக்கத் தயங்கும் அதே ஆள், கட்டுக் கட்டாகத் தாள் குப்பைக்குப் போவதை மட்டும் பொறுத்துக்கொள்கிறார். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நேற்று வரை நன்றாக ஓடிய மெஷின் இன்று அதே காகிதத்தில் தடுமாறுகிறது என்றால், குமிழை விட்டுவிட்டுப் பம்பிலிருந்து தேடிக்கொண்டு வாருங்கள். பல மெஷின்களில் ஊதலும் உறிஞ்சலும் ஒரே பம்பிலிருந்து வருகின்றன, உள்ளே சுழலும் கார்பன் தகடுகள் தேயத் தேய இரண்டும் சேர்ந்தே குறையும். இது ஒரே நாளில் தெரியாது. மெல்ல மெல்லக் குறையும், அதற்கு ஏற்ப ஆபரேட்டரும் மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே வருவார், ஒரு நாள் கூட்ட இடமே இருக்காது. எண்ணெய் தேவைப்படாத வகைப் பம்பில் நல்லெண்ணத்தோடு யாராவது எண்ணெய் விட்டால் கார்பன் தூளோடு அது சேர்ந்து பசையாகித் தகடுகள் காடியில் சிக்கிக்கொள்ளும், பம்ப் வீணாகும். ஃபில்டர்களில் காகிதத் தூசியும், அச்சான தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவும் ஸ்ப்ரே பவுடரும் அடைத்துக்கொள்ளும். காற்றை நேரம் பார்த்துத் திறந்து மூடும் சுழல் வால்வுக்குள்ளும் அதே தூசிதான், அது அடைத்தால் உறிஞ்சல் விட வேண்டிய நேரத்தில் விடாது, தாள் பின்னால் இழுபட்டுக் கிழியும். அதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் உறிஞ்சல் அதிகம் என்றுதான் தோன்றும், உண்மையில் அது நேரக் கோளாறு. ரப்பர் டியூப்கள் காலப்போக்கில் இறுகி, இணைப்பில் மயிரிழை வெடிப்பு விட்டுக் கசியும், காது வைத்துக் கேட்டால் தெரியாது, பம்பின் இரைச்சலில் எதுதான் கேட்கும். ஃபீடரில் உறிஞ்சல் போதவில்லை என்றால் அளவுமானியைப் பம்புக்குப் பக்கத்தில் ஒருமுறை, ஃபீடர் தலைக்குப் பக்கத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பம்பிலேயே குறைந்திருந்தால் பம்ப் அல்லது ஃபில்டர், அங்கே நன்றாக இருந்து தலையில் குறைந்தால் நடுவில் எங்கோ டியூபோ வால்வோ. குருட்டாம்போக்கில் திருகுவதைவிட இது எவ்வளவோ சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் ஓடும் மெஷினில் ஃபீடர் தலைக்குள் கை விட்டுத் தடவிப் பார்க்கிற பழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம், பாதுகாப்பு மறைப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டுவதும் வேண்டாம். சக்கர் ரப்பரைத் தொட்டுப் பார்க்க மெஷினை நிறுத்துங்கள். ஓரம் கிழிந்ததா, இறுகிப் பளபளக்கிறதா, இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் நின்ற மெஷினில்தான் சரியாகத் தெரியும்.

நிலைமின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் ஈரம் குறைந்த நாளில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், அதைப் பார்த்துவிட்டு ஊதலைக் கூட்டுவார்கள். அது ஊதலால் தீராது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால், காகிதத்தின் உறையைத் தேவைப்படும் வரை பிரிக்காமல் வைத்திருந்தால், இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. மிஞ்சியதற்கு அயனியாக்கிய காற்றை ஊதும் கருவிகள் இருக்கின்றன.

இரண்டு தாள் சேர்ந்து வந்தால் மெஷினை நிறுத்தும் டபுள் ஷீட் டிடெக்டரை அணைத்து வைத்து ஓட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதுதான் என்னை அதிகம் வருத்துவது. காற்றுச் சரியாக வைக்காததால் மெஷின் அடிக்கடி நிற்கிறது, நின்றால் திட்டு விழுகிறது, அதனால் நிறுத்துகிற கருவியையே செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். இரண்டு தாள் சேர்ந்து சிலிண்டருக்குள் போனால் என்ன ஆகும்? மையைத் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பான ஆஃப்செட் பிளாங்கெட்டின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான், அச்சுப் பதியும்போது அது அழுந்துவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அங்கே ஒரு மடங்கு கூடுதலாக அட்டை நுழைந்தால், மடிந்தும் கசங்கியும் நுழைந்தால், பிளாங்கெட்டில் பள்ளம் விழும், அதன் பிறகு அந்த இடத்தில் மை பதியாது. மெஷின் நிற்காமல் காப்பாற்றிய சில நிமிடங்களுக்கு ஒரு பிளாங்கெட்டை விலையாகக் கொடுக்கிறார்கள். மெஷின் நிற்கிறது என்றால் அது எதையோ சொல்கிறது, காது கொடுத்துக் கேட்க வேண்டும். டிடெக்டரை ஒவ்வொரு புதுக் காகிதத்துக்கும் அந்தத் தடிமனுக்குத் திரும்ப வைக்க வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது.

ஃபீடரைத் தாண்டி, தாள் மெஷினுக்குள் நகர்ந்து போகும் பலகையான ஃபீட்போர்டிலும் உறிஞ்சல் உண்டு, துளையிட்ட பெல்ட் தாளை அடியிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மெஷின்களில். அங்கேயும் அதே கதைதான். ஃப்ரண்ட் லே பக்கத்தில் பிடி அதிகமாக இருந்தால் தாள் நேராகி உட்கார முடியாது, சைடு லே இழுத்தாலும் வராது.

எண்களைத் தட்டினால் காற்று தானாக அமைகிற புது மெஷின்கள் வந்துவிட்டன, இனி இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தாளின் அளவும் தடிமனும் கொடுத்தால் அவை ஒரு தொடக்க அளவை வைத்துத் தருகின்றன, நல்ல விஷயம்தான், நேரம் மிச்சம். ஆனால் கத்தி மழுங்கி வெட்டிய விளிம்பு அதற்குத் தெரியாது, சுருண்ட பைல் தெரியாது, கிழிந்த ரப்பர் தெரியாது. அதைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி என்று வரும்போது மை, நிறம், டென்சிட்டி (மையின் அடர்த்தி) என்று விரிவாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், ஃபீடரை மட்டும் புதிதாகச் சேர்ந்த ஹெல்பரிடம் தள்ளிவிட்டு, ஓடுகிறதா பார்த்துக்கொள் என்கிறார்கள். அந்தப் பையனிடம் எந்தக் குமிழ் எதற்கு என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவன் கூட்டாமல் என்ன செய்வான்? கூட்டினால் தாள் வருகிறது என்று மட்டும்தான் அவன் கண்டிருக்கிறான்.

செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபீடருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். காகிதத்தின் வகை, ஜிஎஸ்எம், வேகம், ஊதல் எவ்வளவு, உறிஞ்சல் எவ்வளவு, எந்த ரப்பர், பைல் எந்த நிலையில் வந்தது என்று வேலை நன்றாக ஓடும்போது எழுதிவிடுங்கள், கோளாறு வந்தபின் எழுதுவதில் பயனில்லை. குமிழில் எண் இல்லாவிட்டால் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை அதே காகிதம் வரும்போது அந்த அளவிலிருந்து தொடங்கலாம், அதே அளவில் ஓடவில்லை என்றால் பம்பிலோ ரப்பரிலோ ஏதோ மாறியிருக்கிறது என்பதும் உடனே பிடிபடும். ஷிஃப்ட் மாறும்போது முன் ஷிஃப்ட்காரர் வைத்ததை வந்தவுடன் கலைக்கிற வழக்கமும் இதனால் குறையும்.

காகித வீணடிப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதப்போவதாக அந்தக் கட்டுரையின் முடிவில் சொல்லியிருந்தீர்கள். அடுத்த முறை உங்கள் நிருபர் அச்சகத்துக்குப் போகும்போது முதலாளியின் அறையோடு திரும்பாமல் ஃபீடர் பக்கம் நிற்கும் ஹெல்பரிடமும் பேசச் சொல்லுங்கள். இந்தக் காற்றை எப்படி வைப்பது என்று உனக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஷீட் ஆஃப்செட் மெஷின் ஆபரேட்டர் ஒருவர்